வாவியின் இரு கரைகள்
மட்டக்களப்பு நகரின் வரலாறும் தொழிலும் கலையும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கோட்டையிலிருந்து எழுதத் தொடங்குவது நமது வரலாற்றாசிரியர்களின் நெடுநாள் வழக்கம். கோட்டையைக் கட்டியவன் யார், பிடித்தவன் யார், இழந்தவன் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் வரலாறு முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். மட்டக்களப்பைப் பற்றி எழுதியோரிற் பலரும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். புளியந்தீவின் ஓரத்தில், இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியும் சூழ நிற்கும் அக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. அக்கோட்டையில் இருந்தவர்களுக்கு உணவளித்த வயல்கள் வாவிக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளன. கண்ணுக்கு எட்டாதவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இந்நகரின் கதையைச் சொல்ல முயல்வதே நம் நோக்கம்.

நிலமும் நீரும்

கிழக்கிலங்கையின் கடலோரத்தை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம். அதற்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு மேற்கே விரிந்த வயலும் காடும் குளங்களும். அதற்குப் படுவான்கரை என்று பெயர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று மக்கள் இட்ட பெயர்கள் இவை. எந்த அரசாங்க நில அளவையாளரும் இவற்றிலும் பொருத்தமான பெயர்களைத் தந்துவிட முடியாது.

எழுவான்கரையில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தென்னந்தோட்டங்களும் மீன்பிடித் துறைகளும் கைத்தறிகளும் கடைத்தெருக்களும் இக்கரைக்கு உரியவை. படுவான்கரையில் ஊர்கள் தொலைவாகச் சிதறிக் கிடக்கின்றன. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் நீரும் மாரி மழையும் அங்குள்ள வயல்களை விளைவிக்கின்றன. நெல்லும் பாலும் விறகும் தேனும் அக்கரையிலிருந்து வருவன. துணியும் உப்பும் எண்ணெயும் மருந்தும் இக்கரையிலிருந்து போவன.

இரு கரைகளுக்கும் நடுவே, வாவிக்குள் ஒரு தீவாக அமைந்தது புளியந்தீவு. அதுவே நகரத்தின் நெஞ்சு. கச்சேரி, நீதிமன்றம், கல்லூரிகள், தேவாலயங்கள், சந்தை அனைத்தும் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. கோட்டைமுனைப் பாலம் நகரை மேற்குத் தரையுடன் இணைக்கிறது. 1928ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற இரும்பாலான கல்லடிப் பாலம் அதனை எழுவான்கரையுடன் இணைத்தது. அதன் பக்கத்தில் புதிய பாலம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. படுவான்கரையின் தென்பகுதியோ இத்தகைய வசதியை எளிதில் பெற்றுவிடவில்லை. மண்முனையில் மக்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவையிலேயே மனிதரும் மாடும் வண்டியும் நெல் மூட்டையும் தலைமுறை தலைமுறையாக வாவியைக் கடந்தனர். அங்குப் பாலம் அமைந்தது 2014ஆம் ஆண்டிலேதான். நகருக்குச் சோறு போட்டவர்கள் நகருக்கு வர ஒரு பாலம் பெறுவதற்குக் கல்லடிப் பாலத்துக்குப் பின் 86 ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இந்த 86 ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது.

கோட்டை வந்த கதை

1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பற்றலைவன் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கினான். இங்கிருந்து மலைநாட்டுக்குச் சென்று கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டான். அவன் தேடி வந்தவை கறுவாவும் மிளகும். அந்நாளில் இக்கரையோரம் கண்டி அரசின் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட துறைமுகப் பகுதியாக இருந்தது. மலைக்குள் அடைபட்டிருந்த கண்டி அரசுக்கு உலகத்தை நோக்கித் திறந்த வாயில்களில் இதுவும் ஒன்று. அந்த வாயிலை அடைப்பதற்காகவே போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு புளியந்தீவில் கோட்டை கட்டினர்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்தான் இரண்டாம் இராசசிங்கன். 1638 மே 18ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. மே 23ஆம் நாள், மட்டக்களப்பிலேயே, மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னனின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற பொருள்தரும் சொற்கள் மன்னனிடமிருந்த படியில் இருந்தன. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட படியில் அவை இல்லை. ஒரு சில சொற்களின் வேறுபாட்டில் ஒரு நாட்டின் கடற்கரை கைமாறிற்று. போர்ச் செலவுக்கு ஈடாகக் கறுவா கொடுக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் மற்றோர் ஏற்பாடு. கறுவாவை உரித்தவர்களும் சுமந்தவர்களும் அக்காகிதத்தில் எங்கும் பேசப்படவில்லை.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் கோட்டையைக் கச்சேரியாக்கினர். பீரங்கி நின்ற இடத்தில் வரிப் புத்தகம் வந்தது. 1804ஆம் ஆண்டு, ஜோன்ஸ்ரன் என்ற ஆங்கிலப் படைத்தலைவன் மட்டக்களப்பிலிருந்தே கண்டியை நோக்கிப் படை நடத்திச் சென்றான். வணிகனுக்குத் திறந்த அதே வாயில், படையெடுப்போனுக்கும் வாயிலாயிற்று. பின்பு, 1850களில், தேசாதிபதி ஹென்றி வார்ட்டின் காலத்தில், இப்பிரதேசத்தின் தென்பகுதியில் இறக்காமக் குளம், அம்பாறைக் குளம் முதலியன திருத்தப்பெற்றன. காடாய்க் கிடந்த நிலம் வயலாகத் தொடங்கிற்று. ஆட்சியாளர் நாடியது வரி. மக்கள் பெற்றது நீர். அந்நிய ஆட்சியின் வரலாற்றில் மக்களுக்கு நன்மை விளைந்த இடங்கள் பலவும் இவ்வாறு பக்கவிளைவாகவே வாய்த்தன.

கல்வியின் கதையும் ஏறத்தாழ இவ்விதமே. 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த மதபோதகர் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளை நிறுவினார். ஓராண்டு நிறைவதற்குள் நோயுற்று இங்கேயே மாண்டார். அவர் நட்ட விதை மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியை இயேசு சபைத் துறவிகள் வளர்த்தனர். மதமாற்றம் நோக்கமாயிருந்த போதிலும் எழுத்தறிவு பரவிற்று. எழுத்தறிவு பெற்றவன் பின்னர் எதைப் படிப்பான் என்பதை எந்தப் பாதிரியாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை.

பலர் கட்டிய ஊர்

இந்நகரையும் இதன் சுற்றுப்புறத்தையும் கட்டியவர்கள் ஒரே இனத்தவரோ ஒரே மதத்தவரோ அல்லர். கிழக்குக் கரையில் முஸ்லிம்கள் முன்னரே வாழ்ந்தனர். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களிற் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். ஏடுகளில் மன்னனின் ஆணையே இருக்கிறது. வந்தவர்களுக்கு வயலில் இடமும் வீட்டில் உறவும் தந்து ஏற்றுக்கொண்டவர்கள் இங்கிருந்த உழவரும் மீனவருமேயாவர்.

இக்கலப்பின் சான்று ஏடுகளில் மட்டுமன்றி வாழ்க்கை முறையிலும் பதிந்திருக்கிறது. இப்பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வகையான குடி முறையைக் கொண்டவர்கள். குடி என்பது தாய்வழியாக வருவது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிகளின் பெயராலேயே உரிமைகளும் கடமைகளும் பகிரப்பட்டன. மணமான பின் ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்கின்றன. கேரளத்து மருமக்கள் தாயத்தை நினைவூட்டும் முக்குவர் சட்டம் ஒரு காலத்தில் இங்கு நீதிமன்றங்களிலும் செல்லுபடியானது; 1876ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் களைந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அது போயிற்று, வழக்கத்திலிருந்து போகவில்லை. இன்றும் தகப்பன் ஒருவன் கூலி வேலை செய்து முதலிற் கட்ட நினைப்பது மகளுக்கான வீட்டையேயாகும்.

இவ்வழக்கத்தை நாம் வெறுமனே புகழ்ந்துவிடலாகாது. பெண்ணின் பெயரில் வீடு இருப்பதனால் அவள் எளிதிற் தெருவுக்குத் துரத்தப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் வீடு கட்டித்தர இயலாத ஏழைத் தகப்பனின் மகள் மணமின்றி நிற்கிறாள் என்பதும் உண்மை. அந்த வீட்டுக்காகவே எத்தனையோ தாய்மார் கடந்த பல ஆண்டுகளாக மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைக்கு அஞ்சி வாழும் பெண்கள் இம்மாவட்டத்தின் ஊர்கள் தோறும் உள்ளனர். உரிமை பெண்ணின் பெயரில் இருக்கிறது. அதன் சுமையும் அவள் தோளிலேயே இருக்கிறது.

பறங்கியர் என நாம் அழைக்கும் போர்த்துக்கேய வழித்தோன்றல்களும் இந்நகரின் மக்களே. தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தைத்தல் ஆகிய தொழில்கள் அவர்களுடைய கைத்திறனால் வளர்ந்தன. ஆண்ட இனத்தின் வழிவந்தோர் என்ற பெயர் இருந்தும், உளியும் ஊசியும் பிடித்து உழைத்தே அவர்கள் வாழ்ந்தனர். அவர்களது கிரியோல் போர்த்துக்கேய மொழியை இன்று பேசுவோர் மிகச் சிலர். ‘கப்ரிஞ்ஞா’ என்ற ஆடலும் பாடலும் அவர்களது மணவீடுகளில் இன்னும் ஒலிக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை அவர்கள் வாழ்ந்த டச்பார் பகுதியை வாரிக்கொண்டபோது, ஒரு சிறிய சமூகத்தின் மொழியிலும் ஒரு பகுதி அலையோடு போயிற்று.

போடியாரும் முல்லைக்காரரும்

மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெற்பயிர் என்றே பொருள். வேறு பயிர்கள் இருந்தாலும் அந்தப் பெயர் அவற்றுக்கு உரியதன்று. நகரின் செல்வம் நெடுங்காலமாக அதிலிருந்தே பிறந்தது. படுவான்கரை வயல்களுக்கு உரிமையாளர் போடியார். தமிழரிலும் போடியார் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு. வயலைப் பொறுப்பேற்று, உழுவது முதல் சூடு மிதிப்பது வரை முன்னின்று நடத்துபவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழ் வயற்காரர்.

மாரிப் போகம் தொடங்கியதும் இவர்கள் ஊரை விட்டு வயலுக்குப் போய் வாடி கட்டி இருப்பர். இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல். பகலில் சேற்றில் வேலை. விதைநெல்லையும் உணவுக்கு வேண்டியதையும் போடியார் முன்னதாகக் கொடுப்பார். அறுவடையானதும் களத்திலேயே கணக்குப் பார்க்கப்படும். வாங்கியதைக் கழித்த பின் எஞ்சியதே உழைத்தவனுக்கு. பல ஆண்டுகளில் எஞ்சியது கடனே. போடியாரின் வீட்டுத் திருமணமும் கோயிற் திருவிழாவும் நகரின் கல்வீடும் எந்தக் களத்திலிருந்து எழுந்தன என்பதை இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்குக் காப்பளிக்க முயன்றது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணிக்கு 25 ஏக்கர் என எல்லை விதித்தது. போடியார் முறையின் பழைய கட்டு அதன் பின் தளர்ந்தது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து முல்லைக்காரரின் வேலையைச் சுருக்கிவிட்டன. ஆயினும் நெல்லை விளைவிப்பவன் அதன் விலையைத் தீர்மானிப்பதில்லை என்ற பழைய விதி மாறவில்லை. அன்று களத்தில் நின்று அளந்தவர் போடியார். இன்று சந்தையில் நின்று அளப்பவர் ஆலை முதலாளி.

நீரின் பெயரால் வேறொரு வரலாறும் இங்கு நிகழ்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சுதந்திர இலங்கையின் முதற் பெரும் அபிவிருத்தித் திட்டம். இங்கினியாகலையில் அணை எழுந்தது. காடு அழிந்து வயலாயிற்று. அது நாட்டுக்கு நெல்லைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலத்தைப் பகிர்ந்த விதம் அயலவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொள்ளச் செய்தது. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் வெடித்துத் தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பெற்றது. வறிய சிங்கள உழவனுக்கும் வறிய தமிழ் உழவனுக்கும் வறிய முஸ்லிம் உழவனுக்கும் தேவைப்பட்டது ஒரே நீர்தான். அவர்களை ஒரே வாய்க்காலின் பங்காளிகளாகக் காணாத அரசியல், வாய்க்காலையே எல்லைக்கோடாக மாற்றிற்று.

ஆலையும் தறியும்

தொழில் என்றதும் மட்டக்களப்பார் முதலில் நினைப்பது வாழைச்சேனைக் கடதாசி ஆலையை. சுதந்திரத்தின் பின் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில், காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு இவ்வாலையும் திட்டமிடப்பெற்றது. 1950களின் நடுவில் உற்பத்தி தொடங்கிற்று. காட்டில் வளரும் இலுக்குப் புல்லும் வயலில் மிஞ்சும் வைக்கோலும் அதன் மூலப்பொருள்கள். உழவன் எரித்துவிடும் வைக்கோல் பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியாக மாறும் என்பது அந்நாளில் பெரிய நம்பிக்கை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நாடுகள் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே செய்துகொள்ள முனைந்த காலம் அது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் எழுந்த எத்தனையோ அரசாங்க ஆலைகளுக்கு உடன்பிறப்பாக நமது ஆலையும் எழுந்தது. இரண்டு மூன்று தலைமுறையினர் அதிற் தொழில் கற்றனர், தொழிற்சங்கம் கற்றனர், மாதச் சம்பளம் என்பதன் பொருளைக் கற்றனர்.

அந்த ஆலைக்கு நேர்ந்ததென்ன? 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக்குக் கதவு அகலத் திறக்கப்பட்டது. பழைய எந்திரங்களைப் புதுப்பிக்காமல் மலிவான வெளிநாட்டுக் கடதாசியோடு போட்டியிடும்படி அது விடப்பட்டது. பின்னர் போர் வந்தது. உற்பத்தி சுருங்கிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் எந்திரங்கள் அடியோடு ஓய்ந்தன. மீளவும் இயக்குவதற்கான முயற்சிகள் நடந்துள்ளன. ஆயினும் பழைய வலிமை திரும்பவில்லை. வயல்களில் வைக்கோல் எரியும் புகை இன்றும் எழுகிறது.

தறியின் கதையும் இதற்கு இணையானதே. மருதமுனையும் காத்தான்குடியும் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது இக்கரையோர ஊர்களில் தறியோசை ஓயாது கேட்டது. மருதமுனைச் சேலைக்கும் சாரத்துக்கும் நாடெங்கும் கிராக்கி இருந்தது. கட்டுப்பாடு நீங்கியபோது நூலின் விலை ஏறியது. துணியின் விலை இறங்கியது. நெசவாளன் இடையில் நசுங்கினான். இன்று அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தைத்த ஆடைத் தொழிற்சாலைகள் வேலை தருகின்றன. தறியிலிருந்தவன் சேலையின் கரையையும் நிறத்தையும் தானே தீர்மானித்தான். ஆலையில் இருப்பவள் சட்டையின் ஒரு தையலை மட்டும் நாள் முழுதும் தைக்கிறாள். அச்சட்டையை அணிபவர் எந்த நாட்டவர் என்பதையும் அவள் அறியாள்.

இயற்கையும் இரக்கம் காட்டவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. தென்னை நட்டவன் பலன் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தோட்டங்கள் மீண்டும் தலையெடுக்க முனைந்த வேளையில் போர் தொடங்கிவிட்டது.

பாடும் மீனும் ஆடும் களரியும்

மட்டக்களப்பின் பெயரை உலகறியச் செய்தது பாடும் மீன் என்பர். நிலவெறிக்கும் இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே ஓடத்தை நிறுத்தி, துடுப்பை நீரிற் செங்குத்தாக இட்டுக் காதை வைத்தால் மெல்லிய இசை கேட்கும் என்பது நெடுங்கால வழக்கு. ஆங்கில ஆட்சியில் உயர்பதவி வகித்த எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளிவந்த தமது நூலில் அவ்வொலியைத் தாம் கேட்டதை எழுதியுள்ளார். ஒலி எதனுடையது என்று அவர் மீனவர்களைக் கேட்டார். அவர்கள் கூறிய விடை, ஊரி என்ற சிப்பியின் குரல் என்பது. பின்வந்த உலகம் மீனவரின் விடையை விட்டுவிட்டு மீனையே பிடித்துக்கொண்டது. விபுலானந்த அடிகளும் இவ்விசையில் உள்ளம் பறிகொடுத்துக் கவிதை இயற்றினார். விஞ்ஞானிகள் எதனைக் கண்டறிந்தாலும் சரி. வாவியில் இரவு பகலாக உழைப்பவனிடம் முதலிற் கேட்க வேண்டும் என்ற பாடத்தை நாம் இதிலிருந்து பெறலாம்.

விபுலானந்தர் இப்பிரதேசம் தமிழுலகுக்குத் தந்த பெருங்கொடை. 1892இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிற் பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். மறைந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணிதத்தின் துணையோடு மீட்டெடுத்த அவரது ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறிற்று. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். 1929இல் தோன்றிய கல்லடி சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அவர் துயில்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைப்பதையும் யாழ் ஆராய்வதையும் அவர் இருவேறு பணிகளாகக் கருதவில்லை.

ஆனால் அடிகளுக்கு முன்னும் பின்னும், பெயர் எழுதப்படாத கலைஞர்கள் ஊர்கள் தோறும் இருந்தனர். வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் மட்டக்களப்பு உழவனின் பல்கலைக்கழகம். அறுவடை முடிந்த காலத்தில் அண்ணாவியார் ஊரவரைக் கூட்டிச் ‘சட்டம் கொடுப்பார்’. அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று வகுத்து, அவரவர் பாடலை ஒப்படைப்பார். மாதக்கணக்கில் இரவு தோறும் பயிற்சி நடக்கும். பின் சதங்கை அணி விழா, இறுதியில் அரங்கேற்றம். வட்டக் களரியைச் சூழ ஊரே அமர்ந்திருக்கும். மத்தளமும் சல்லரியும் விடியும் வரை ஒலிக்கும். பகலில் போடியார் முன் குனிந்து நின்றவன் இரவில் கர்ணனாகவும் இராவணனாகவும் முடி தரித்து நிமிர்ந்து ஆடினான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கலையைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புதிய மேடைக்கு ஏற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. பாமரர் கூத்து எனப் படித்தோர் ஒதுக்கியது தமிழரின் தேசியச் சொத்தாக மதிப்புப் பெற்றது. இராவணேசனாக ஆடிய மட்டக்களப்பு இளைஞர் மௌனகுரு, 1969இல் ‘சங்காரம்’ நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தைத் தொழிலாளரின் எழுச்சியைப் பாடப் பயன்படுத்தினார். பழைய வடிவம் புதிய உள்ளடக்கத்தைத் தாங்குமா என்று ஐயுற்றோர்க்கு அது நல்ல விடையாயிற்று.

இக்கலையிலும் குறை இல்லாமலில்லை. எந்தச் சாதியார் எந்தக் களரியில் ஆடலாம், எவர் பறை மட்டும் அடிக்கலாம் என்ற வரம்புகள் நெடுங்காலம் இருந்தன. பெண் வேடத்தை ஆணே தரித்தான். கூத்தைக் காப்போம் என்போர் இவ்வரம்புகளையும் சேர்த்துக் காக்க எண்ணலாகாது.

வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் குளிர்த்தி ஊர்கள் தோறும் நிகழ்கிறது. வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து வளைந்த கொம்புகளைப் பூட்டி இழுக்கும் கொம்புமுறி விளையாட்டு அம்மனுக்கு உரியது. நீதி கேட்டு அரசவை ஏறிய ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கும் மக்கள் இவர்கள். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூல் இவ்வழக்கங்களை அழியாமற் பதிந்து வைத்த அரும்பணி.

அறுந்த கயிறு

இத்தகைய ஊரில் 1990ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை எழுதாமல் மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியதாகச் சொல்லிக்கொள்வது பொய்யாகும். அதற்கு முன்பே, 1987 ஜனவரியில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படத் தமிழ்ப் பொதுமக்கள் பலர் அரச படையினராற் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழரைப் படையினர் கொன்றனர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழரிற் பலர் பிடித்துச் செல்லப்பட்டு மீளவேயில்லை.

ஒரு பக்கத்துச் சாவை உரக்கச் சொல்லி மறு பக்கத்துச் சாவை மெல்லச் சொல்லும் எழுத்து நமக்கு வேண்டாம். ஒரே குடி முறை, ஒரே மொழி, ஒரே வயல், ஒரே வாவி. அயலூர்களில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கு இடையே இருந்த கயிறு அந்த இரண்டு மாதங்களில் அறுந்தது. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் நகரின் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த குழந்தைகளைக் கொன்றபோது, முடியப்பட்டுக்கொண்டிருந்த கயிறு மீண்டும் இற்றது. இன்று ஓர் ஊரில் கடை திறந்தால் அடுத்த ஊரார் புறக்கணிக்க வேண்டும் என்று அறிக்கை விடுவோரை இரு தரப்பிலும் காண்கிறோம். நெல்லின் விலை வீழும்போதும் தறி நிற்கும்போதும் இவர்கள் அறிக்கை விடுவதில்லை.

முகத்துவாரம்

2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 5 இலட்சத்து 26 ஆயிரம் அளவில் இருந்தது. இம்மக்களின் எதிர்காலம் எதைப் பொறுத்தது? பாசிக்குடாக் கரையில் போருக்குப் பின் எழுந்த உல்லாச விடுதிகளையா? அவை சிலருக்கு வேலை தருகின்றன. கடற்கரை எவருடையது என்ற கேள்வியையும் சேர்த்தே தருகின்றன. மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய அறப்போராட்டம், படுவான்கரையின் நிலக் கேள்வி தீரவில்லை என்பதைக் காட்டிற்று. நகரம் அப்போராட்டத்தை எவ்வளவு தூரம் தன்னுடையதாகக் கொண்டது என்பதை நாம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பில் ஆண்டுதோறும் எழும் ஒரு வழக்கு உண்டு. மாரி மழையில் வாவி நிரம்புகிறது. கடலுக்குச் செல்லும் வழியை மணல்திட்டு அடைத்து நிற்கிறது. அதனை வெட்டித் திறப்பதை முகத்துவாரம் வெட்டுதல் என்பர். காலம் தாழ்த்தினால் வெள்ளம் படுவான்கரை வயல்களையும் தாழ்நிலத்து வீடுகளையும் மூழ்கடிக்கிறது. ஆகவே உழவன் விரைவில் வெட்டச் சொல்கிறான். முந்தி வெட்டினால் நீர் வடிந்து இறாலும் மீனும் கடலோடு போய்விடுகின்றன; ஆகவே மீனவன் பொறுக்கச் சொல்கிறான். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருவரும் ஏழைகள். அவர்களிற் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு.

இவ்வழக்கைக் கச்சேரியிலுள்ள அதிகாரியின் கையெழுத்து ஒன்றே தீர்த்துவிடாது. எழுவான்கரையாரும் படுவான்கரையாரும், வலை வீசுபவரும் வயல் விதைப்பவரும், ஒரே இடத்தில் அமர்ந்து நீரின் மட்டத்தைக் கணக்கிட்டு நாளைக் குறிக்க வேண்டும். இழப்பவருக்கு ஈடு வகுக்க வேண்டும். நெல்லின் விலைக்கும் நூலின் விலைக்கும் மேய்ச்சற் தரைக்கும் கடதாசி ஆலைக்கும் இதே முறைதான் தேவை. கோட்டையில் இருந்தவர்கள் நானூறு ஆண்டுகளாக இவ்வூருக்காக முடிவு செய்தனர். முடிவுகளின் பயனையும் அவர்களே கொண்டு சென்றனர். இனி இரு கரை மக்களும் கூடி முடிவு செய்யட்டும். அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய இடத்தையும் மொழியையும் துணிவையும் உண்டாக்குவதே மட்டக்களப்பின் எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் உள்ள உடனடிப் பணியாகும்.